குப்பை வேகும் விதம்: எருவாக்கத்தில் வெப்பவிரும்பிப் பாக்டீரியாக்களும் அவற்றின் நொதிகளும்

முன்னுரை

காலப்போக்கில் பொருள் இழிந்துபோன தமிழ்ச் சொற்களுள் 'குப்பை' என்பதும் ஒன்றாகும். பழந்தமிழ் நூல்களில் அது குவியல் என்னும் பொருளில் வழங்கிற்று. களத்து நெற்குவியலும் குப்பை எனப்பட்டது. உப்பளத்து உப்புக்குவியலும் குப்பை எனப்பட்டது. பின்னாளில் அது வேண்டாதவற்றின் குவியலை மட்டுமே சுட்டுவதாயிற்று. 'மக்கு' என்னும் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்துள்ளது. இலையும் தழையும் சாணமும் நைந்து எருவாவதை மக்குதல் என்றும் மட்குதல் என்றும் கூறுகிறோம். அதே சொல்லைக் கொண்டு, பாடம் ஏறாத மாணவரை ஏசவும் ஆசிரியராகிய நாம் பழகியிருக்கிறோம். மக்குதல் எத்துணை நுட்பமான செயல் என்பதை அறிந்துகொண்டால், அவ்வாறு ஏச நமக்கு நா எழாது.

தமிழ் பயிற்றுவிக்கும் நாம் எருவைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. மிஞ்சிய சோறு, வாழையிலை, காய்கறிக் கழிவு அனைத்தையும் வீணாக்காமல் உரமாக்குவோம் என்று எண்ணி, ஆள் உயரத்துக்குக் குழி வெட்டச் செய்தோம். நாள்தோறும் கழிவைக் கொட்டி மண்ணால் மூடினோம். இரண்டு மாதம் கழிந்தும் உரம் கிடைக்கவில்லை. நாற்றமும் ஈக்களுமே கிடைத்தன. அண்டை வீட்டார் முறையிட்டனர். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. தோட்ட வேலை பார்த்த முதியவர் கடப்பாரையைக் குழிக்குள் செருகிச் சிறிது நேரம் விட்டுவைத்தார். பிறகு அதை உருவி, நுனியைத் தொட்டுப் பார்த்தார். "இது வேகலீங்க சார். ஊசிப் போயிருக்கு" என்றார்.

வெந்தது, ஊசியது என்னும் அவ்விரு சொற்களுக்குள் எருவாக்கத்தின் அறிவியல் முழுவதும் அடங்கியிருப்பதை நாம் பின்னரே உணர்ந்தோம். குப்பை வேக வேண்டும். அதை வேக வைப்பவை கண்ணுக்குத் தெரியாத வெப்பவிரும்பிப் பாக்டீரியாக்கள். அவற்றின் கைக்கருவிகள் நொதிகள். இவ்விரண்டின் பணியையும், அப்பணிக்கு நாம் செய்துதர வேண்டிய வசதிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுப்பில்லாமல் எழும் வெப்பம்

அடுப்பும் தீயும் இன்றிக் குப்பை வேகுமா என்னும் ஐயம் எழலாம். சரியாகக் காயாத வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே சூடேறி நிறம் மாறிப்போவதை நம் உழவர் நன்கறிவர். ஐரோப்பிய நாடுகளில் உலர்புற்போர்கள் சில வேளைகளில் தாமாகவே தீப்பற்றியதும் உண்டு. இவ்வெப்பத்துக்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹுகோ மீஹே விரிவாக ஆராய்ந்து 1907 இல் நூலாக வெளியிட்டார்.

உயிர் வாழும் யாவும் வெப்பத்தை வெளியிடுகின்றன. மின்விசிறி நின்றுபோன மண்டபத்தில் மக்கள் நெருக்கமாக அமர்ந்திருந்தால் சிறிது நேரத்தில் புழுக்கம் ஏறுகிறது. ஒவ்வொருவர் உடலும் உண்ட உணவை மூச்சுக்காற்றின் துணையால் எரித்து வெப்பமாக்குவதே அதற்குக் காரணம். குப்பைக் குவியலிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு கிராம் குப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை சர்க்கரையையும் மாவுப்பொருளையும் புரதத்தையும் ஆக்சிஜனின் துணையால் சிதைத்து ஆற்றலைப் பெறுகின்றன. அவ்வாற்றலில் ஒரு பகுதி அவற்றின் உடல் வளர்ச்சிக்குப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாக வெளிப்படுகிறது. ஒரு கிராம் குளுக்கோஸ் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 16 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும்.

குவியல் போதிய பருமன் உடையதாயின் இவ்வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. இலையும் வைக்கோலும் கம்பளிபோல் அதைப் பொதிந்து காக்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் ஒரு மீட்டரளவேனும் இருத்தல் வேண்டும் என்று கூறுவது இதனால்தான். ஒரு கூடைக் குப்பை மக்கக்கூடும். ஆயின் அது வேகாது.

எருவாக்கத்தின் நான்கு பருவங்கள்

நன்கு அமைந்த குவியல் நான்கு பருவங்களைக் கடந்து எருவாகிறது.

முதற் பருவத்தில் வேலையைத் தொடங்குபவை மிதவெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்கள். இவை 20 முதல் 40 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் செழிப்பவை. எளிதிற் கரையும் சர்க்கரை முதலியவற்றை இவை உண்டு பெருகுகின்றன. அப்போது சில அமிலங்கள் உண்டாவதால் குவியல் சற்றே புளிப்படைகிறது. இவை வெளியிடும் வெப்பம் ஓரிரு நாட்களிலேயே இவற்றால் தாங்க இயலாத அளவுக்கு ஏறிவிடுகிறது. தாம் மூட்டிய சூட்டில் தாமே மடிந்து, அடுத்து வருவோர்க்கு இடமும் உணவும் விட்டுச் செல்கின்றன.

இரண்டாவது, வெப்பப் பருவம். குவியலின் சூடு 45 பாகையைத் தாண்டியதும் வெப்பவிரும்பிகள் விழித்தெழுகின்றன. இவை எங்கிருந்தோ வந்தவை அல்ல. மண்ணிலும் சாணத்திலும் வைக்கோலிலும் உறைவித்துகளாகத் தம் காலத்தை எதிர்நோக்கிக் கிடந்தவை. பேசில்லஸ் இனத்தவையும் அவற்றின் உறவான ஜியோபேசில்லஸ் இனத்தவையும் இப்பருவத்தில் ஆட்சி செலுத்துகின்றன. தெர்மோபைஃபிடா ஃபுஸ்கா போன்ற ஆக்டினோமைசீட்ஸ் வகைப் பாக்டீரியாக்கள் இலைகளின் மேல் சாம்பல்நிறப் பொடி தூவினாற்போலவும் வெண்ணூல் படர்ந்தாற்போலவும் காட்சி தருகின்றன. இதைக் கண்டு குப்பை கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சூடு மேலும் ஏறினால் தெர்மஸ் இனப் பாக்டீரியாக்களும் தோன்றுகின்றன. வெந்நீர் ஊற்றுகளில் வாழ்வனவாக அறியப்பட்டிருந்த இவ்வினத்தைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கொதிக்கும் எருக்குவியல்களிலும் கண்டெடுத்து 1996 இல் அறிவித்தனர்.

மூன்றாவது, தணியும் பருவம். எளிதாகச் சிதையும் உணவு தீர்ந்ததும் சூடு தணிகிறது. பூஞ்சைகள் மீண்டும் வந்து, மரத்தன்மைக்குக் காரணமான லிக்னினைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. நான்காவது, முதிரும் பருவம். எஞ்சியவை இணைந்து ஹியூமஸ் என்னும் கருநிற மட்காக உறுதி பெறுகின்றன. முதல் மழை பெய்ததும் எழும் மண்மணம் அப்போது எருவிலிருந்து எழும். ஆக்டினோமைசீட்ஸ் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளே அம்மணத்துக்குக் காரணம்.

வெப்பத்தில் உருக்குலையாத நொதிகள்

மாவு புளித்துப் பொங்குவதை நொதித்தல் என்கிறோம். அத்தகைய மாற்றங்களை விரைவாக நிகழ்த்தும் புரதப் பொருளுக்கு நொதி என்று பெயரிட்டது பொருத்தமேயாகும். நொதி தான் அழியாமல், பிற பொருளைச் சிதைக்கவோ சேர்க்கவோ வல்லது. நாம் உண்ணும் சோற்றைச் சர்க்கரையாக்கும் உமிழ்நீர் நொதியை யாவரும் பள்ளியில் படித்திருப்போம்.

நொதியின் ஆற்றல் அதன் வடிவத்தில் உள்ளது. நீண்ட புரதச் சங்கிலி குறித்த முறையில் மடிந்து சுருண்டு ஒரு வடிவம் கொள்கிறது. பூட்டுக்கேற்ற திறவுகோல் போல அவ்வடிவம் குறித்த பொருளோடு மட்டும் பொருந்தி வினைபுரிகிறது. வெப்பம் மிகுந்தால் மடிப்புகள் அவிழ்ந்துவிடும். முட்டையின் வெண்கரு வேகும்போது தெளிவிழந்து இறுகுவதும் இத்தகைய மாற்றமே. வெந்த முட்டையை மீண்டும் பச்சை முட்டையாக்க நம்மால் இயலாதவாறே, உருக்குலைந்த நொதியும் பெரும்பாலும் மீள்வதில்லை. ஆதலின் மிதவெப்ப உயிர்களின் நொதிகளுள் பல 50, 60 பாகையில் செயலிழக்கின்றன.

வெப்பவிரும்பிகளின் நொதிகள் அவ்வெப்பத்தில் எவ்வாறு நிலைக்கின்றன? அவையும் அதே இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவைதாம். ஆயினும் கட்டமைப்பில் கூடுதல் உறுதி காணப்படுகிறது. நேர், எதிர் மின்னேற்றம் உடைய பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிணைப்புகள் பலவற்றில் மிகுதி. நீரை வெறுக்கும் பகுதிகள் நடுவே நெருக்கமாகத் திணிந்துள்ளன. தளர்ந்து தொங்கும் கண்ணிகள் குறைவு. சில நொதிகள் கால்சியம் அயனியை ஆணிபோல் பயன்படுத்தித் தம் வடிவத்தைக் காத்துக்கொள்கின்றன. புரதத்தைச் சிதைக்கும் தெர்மோலைசின் இதற்குத் தக்க சான்றாகும். ஒரே மரத்தில் இரு தச்சர்கள் நாற்காலி செய்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் பொருத்துவாயை இறுக்கமாக அமைத்திருப்பார். மற்றவர் சற்றே தளர்வாக விட்டிருப்பார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பாரம் ஏற்றும்போதே தெரியவரும்.

நொதி நிலைத்து நிற்குமாயின் வெப்பம் அதற்கு நன்மையே செய்கிறது. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் வேதிவினைகள் பல ஏறத்தாழ இரு மடங்கு விரைவு பெறுகின்றன. உறைந்த கொழுப்பு உருகுகிறது. இறுகியிருந்த இலையும் தண்டும் இளகி, நொதிகளுக்கு வழிவிடுகின்றன. மாதக்கணக்கில் நடைபெற வேண்டிய வேலை வாரக்கணக்கில் முடிவது இதனாலேயே.

மூவர் கூடிச் செய்யும் பணி

பயிர்க்கழிவில் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளாகும். பருத்தி நூல் ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸே. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலிகள் பல ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்து இந்நார் உருவாகிறது. இதை உண்ண முற்படும் பாக்டீரியாவோ மிகச் சிறியது. நாரை விழுங்க அதற்கு வாயில்லை. ஆகவே அது தன் நொதிகளை உடலுக்கு வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே செரித்துக் கரைசலாக்கி உள்ளே ஈர்த்துக்கொள்கிறது.

இப்பணியில் மூன்று வகை நொதிகள் ஈடுபடுகின்றன. முதல்வகை சங்கிலியின் இடையிடையே வெட்டிப் புதிய நுனிகளை உண்டாக்குகிறது. இரண்டாம் வகை அந்நுனிகளைப் பற்றிக்கொண்டு இரண்டிரண்டு குளுக்கோஸ் அலகுகளாகக் கழற்றுகிறது. மூன்றாம் வகை அவ்விணைகளைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸாக்குகிறது. முதல்வகை வெட்டாவிடில் இரண்டாம் வகைக்குப் பற்றும் நுனி போதாது. மூன்றாம் வகை பிரிக்காவிடில் இணைகள் தேங்கி இரண்டாம் வகையின் வேலையைத் தடுக்கும். தெர்மோபைஃபிடா ஃபுஸ்கா இத்தகைய நொதித்தொகுதியை 50 பாகை வெப்பத்திலும் சுரந்து செயற்படுத்துகிறது.

செல்லுலோஸுக்குத் துணையாக நிற்கும் சைலான் முதலியவற்றைச் சிதைக்கச் சைலனேஸ் உண்டு. புரதத்துக்குப் புரோட்டியேஸ், கொழுப்புக்கு லிப்பேஸ், மாவுப்பொருளுக்கு அமைலேஸ் என ஒவ்வொன்றுக்கும் உரிய நொதி உண்டு. விடுதியில் மிஞ்சிய சோறும், குழம்பில் மிதந்த எண்ணெயும், வாழையிலையின் நாரும் ஒரே குவியலில் வெவ்வேறு நொதிகளால் ஒரே வேளையில் பிரிக்கப்படுகின்றன.

இந்தூரில் கண்ட உண்மை

இவ்வுயிர்களின் பணியைப் பண்ணை வேலையாக ஒழுங்குபடுத்திக் காட்டிய பெருமை நம் நாட்டு மண்ணுக்கு உண்டு. ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயத் தாவர அறிஞர் 1905 இல் இந்தியாவுக்கு வந்து பூசா ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரிலிருந்த பயிர்த்தொழில் ஆய்வு நிலையத்தை நடத்தினார். இந்திய உழவர்களின் வழக்கங்களை அவர் கூர்ந்து கவனித்தார். சீன உழவர்களைப் பற்றி எஃப். எச். கிங் எழுதி 1911 இல் வெளிவந்த நூலும் அவருக்கு வழிகாட்டிற்று. தம் உடன்பணியாளர் யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து, வேளாண் கழிவுகளை மட்காக்கும் முறையை 1931 இல் நூலாக வெளியிட்டார். அதுவே 'இந்தூர் முறை' எனப் பெயர்பெற்றது.

பயிர்க்கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, குறித்த இடைவெளிகளில் புரட்டிவிடுவதே அம்முறை. குழியின் ஆழம் மிகலாகாது என்பதில் ஹோவர்ட் கண்டிப்பாக இருந்தார். ஆழம் மிகுந்தால் அடியில் காற்றுப் புகாது. மழைக்காலத்தில் குழியைத் தவிர்த்து நிலத்தின் மேலேயே குவிக்குமாறு கூறினார். தொடக்கத்தில் ஏறத்தாழ 65 பாகை வரை ஏறிய சூடு மெல்லத் தணிந்து, 90 நாள் அளவில் 30 பாகைக்கு வந்ததை அவர் பதிவு செய்துள்ளார். ஒவ்வொரு முறை புரட்டியபோதும் தணிந்த சூடு மீண்டும் ஏறியது. வெளிப்புறத்தில் வேகாமல் இருந்தது உள்ளே செல்கிறது. உள்ளே காற்றின்றித் திணறியவை புதுக்காற்றைப் பெறுகின்றன.

சூடு மிக மிக நன்மை என்று கருதுதலும் பிழையாகும். மண் நுண்ணுயிரியல் அறிஞர் செல்மன் வாக்ஸ்மன் தம் துணைவர்களுடன் சாணம் மட்குவதைப் பல வெப்பநிலைகளில் ஒப்பிட்டு 1939 இல் ஆய்வுரை வெளியிட்டார். 50 பாகையில் விரைந்து நிகழ்ந்த சிதைவு 75 பாகையில் அவ்வாறு நிகழவில்லை. 70 பாகையைத் தாண்டினால் வெப்பவிரும்பிகளிலும் பெரும்பாலானவை ஒடுங்கிவிடுகின்றன. 55 முதல் 60 பாகை வரை சூடு நிலைக்குமாறு காப்பதே சிறப்பு. அளவுக்கு மிஞ்சினால் குவியலைப் புரட்டி ஆற்றிவிட வேண்டும்.

வெப்பத்தால் விளையும் தூய்மை

வெப்பப் பருவத்தின் பயன் விரைவு மட்டுமன்று, தூய்மையும் ஆகும். கழிவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம், குடற்புழுக்களின் முட்டைகள் இருக்கலாம், களைவிதைகளும் இருக்கலாம். வேகாத எருவை வயலில் இட்டால் இவற்றையும் சேர்த்தே விதைத்தவர்களாவோம். ஈரமான வெப்பத்தில் சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் நாக்குப்பூச்சி முட்டைகளும் அழிகின்றன; களைவிதைகளில் பெரும்பாலானவை முளைக்கும் திறனை இழக்கின்றன. அமெரிக்க நாட்டில் கழிவுநீர்க் கசடுகளுக்கென 1993 இல் வகுக்கப்பட்ட விதிகள், மூடிய கலத்தில் 55 பாகை வெப்பம் 3 நாட்கள் தொடர்ந்து நிலைக்க வேண்டும் என்று வரையறுத்தன. திறந்தவெளி நீள்குவியலாயின் 15 நாட்கள் அவ்வெப்பம் நிலைக்க வேண்டும்; அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும். நம் தோட்டக்காரர் 'வேகவில்லை' என்று கூறியதற்கு இதுவே அளவுகோல்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சூட்டைத் தாங்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபுமிகாடஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் குவியலைப் புரட்டும்போது காற்றில் பறக்கும். ஆஸ்துமா முதலிய மூச்சுக்குழல் நோய் உடையோரும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் இவ்வேலையைத் தவிர்த்தல் நன்று. ஏனையோர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உலர்ந்த குவியலில் நீர் தெளித்த பின்னரே புரட்ட வேண்டும்.

குப்பையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

வெப்பம் தாங்கும் நொதிகள் எருக்குழியோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் என்பவரும் அவர் மாணவரும் கண்டெடுத்த தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்னும் பாக்டீரியா 1969 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து பெற்ற நொதி, மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைப் பன்மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கு உயிர்நாடியாயிற்று. அம்முறையில் கலவையை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 95 பாகை வரை சூடாக்க வேண்டும்; சாதாரண நொதி ஒரே சுற்றில் அழிந்துவிடும். அம்முறையை வகுத்த கேரி மல்லிஸ் 1993 இல் நோபல் பரிசு பெற்றார். 2020 இல் கொரோனாத் தொற்றைக் கண்டறிய நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகள் பி.சி.ஆர். சோதனைக்கே அனுப்பப்பட்டன.

எருக்குவியலிலிருந்தே பெறப்பட்ட கொடையும் உண்டு. ஜப்பானின் ஒசாகாவில் இலையும் கிளையும் மட்கிய குவியலிலிருந்த நுண்ணுயிர்களின் மரபுப்பொருளை ஆராய்ந்தோர், பாலியெஸ்டர் வகைப் பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்றைக் கண்டு 2012 இல் அறிவித்தனர். இலையின் மேலுள்ள மெழுகுப்படலத்துக்கு உறுதி தரும் கியூட்டினைச் சிதைப்பதே அந்நொதியின் இயல்பான வேலை. பிரான்சின் தூலூஸ் நகர ஆய்வாளர்கள் அதனைத் திருத்தியமைத்து 2020 இல் ஆய்வுரை வெளியிட்டனர். குடிநீர்ப் போத்தல் செய்யப் பயன்படும் பெட் என்னும் பிளாஸ்டிக்கைத் திருத்திய நொதி 72 பாகையில் 10 மணி நேரத்துக்குள் 90 விழுக்காடு மூலப்பொருளாகப் பிரித்துக் காட்டிற்று. வாழையிலையைச் செரிக்கப் பயின்ற குப்பைமேட்டு உயிர்களின் கைத்திறன் போத்தலையும் தொட்டிருக்கிறது. அதற்காகப் போத்தலை எருக்குழியில் போட்டால் அது மக்கிவிடும் என்று எவரும் எண்ணலாகாது. அந்நொதி ஆலைக் கலத்தில், நன்கு பதப்படுத்திய பிளாஸ்டிக்கின் மீதே அவ்வாறு செயற்பட்டது.

குப்பை வேகாமல் போவது ஏன்?

நமது விடுதிக் குழியில் நேர்ந்த பிழைகள் இப்போது விளங்கும். முதலாவது, காற்றுக்குறை. ஆள் ஆழக் குழியில் நீர் கோத்த சோற்றை அமுக்கி மூடினோம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை உணவை முழுவதும் எரிப்பதில்லை. ஆதலின் வெப்பம் சிறிதளவே உண்டாகிறது. நாறும் அமிலங்கள், ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகியவை தோன்றுகின்றன. ஊசிப்போதல் என்பது இதுவே. பெருநகரக் குப்பைமேடுகளின் அடியில் தேங்கும் மீத்தேன் அங்கு மூளும் தீக்குத் துணையாகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து ஊரையே புகையில் ஆழ்த்தியதை மறந்திருக்க மாட்டோம்.

இரண்டாவது, சமநிலைக் குறை. நைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருத்தல் நன்று. சோறு, காய்கறி, சாணம், இறைச்சிக் கழிவு ஆகியவை ஈரமும் சத்தும் மிக்கவை. காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள், தென்னை மட்டைத் துண்டு ஆகியவை கார்பன் மிக்கவை. முன்னவை மிகுந்தால் அமோனியா வாடை எழும். பயிருக்குரிய நைட்ரஜன் காற்றோடு போகும். பின்னவை மிகுந்தால் சூடே ஏறாது. மூன்றாவது, ஈரம். நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு ஈரம் வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் ஒழுகலாகாது.

இதை உணர்ந்து குழியைத் தூர்த்தோம். நிலத்தின் மேல் சுள்ளிகளைப் பரப்பி, அதன் மேல் காய்ந்த இலையும் சமையற்கழிவும் மாறி மாறி அடுக்கி, ஒரு கூடைச் சாணத்தைக் கரைத்துத் தெளித்தோம். கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கலவை எதையும் வாங்கவில்லை; சாணத்திலும் பழைய எருவிலும் வேண்டிய வித்துகள் உள்ளன. நான்காம் நாள் முதியவர் கடப்பாரையைச் செருகி உருவியபோது, அதன் நுனியைக் கையால் பற்ற இயலவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, சிரித்தார். மூன்று திங்கள் கழித்து விடுதிப் பூச்செடிகளுக்கு அவ்வெருவை இட்டோம். முறையிட்ட அண்டை வீட்டாரும் தம் முருங்கைக்கு இரண்டு கூடை கேட்டு வாங்கிச் சென்றனர்.

பெருநாளும் விருந்தும்

நம் சமுதாயப் பெரியோர் இங்குச் சற்றுக் கருத வேண்டும். திருமண விருந்தில் மிஞ்சும் சோறும் இலையும் ஒரே இரவில் மலைபோல் குவிகின்றன. வீண்விரயம் நம் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டது. சமைப்பதை அளவோடு சமைப்பதும் மிஞ்சியதைப் பசித்தோர்க்கு வழங்குவதுமே முதற்கடமை. அதன் பின்னும் எஞ்சுவது சாக்கடைக்கோ தெருவோரத்துக்கோ போகலாகாது.

ஹஜ்ஜுப் பெருநாளில் இறைவனுக்காகச் செய்யும் குர்பானியின் எச்சங்களும் அவ்வாறே. இறைச்சியை மூன்று பங்காக்கிப் பகிர்வதில் காட்டும் கவனத்தில் ஒரு பகுதியையேனும் எச்சத்தை அகற்றுவதில் காட்டுகிறோமா? இரைப்பையில் இருக்கும் அரைகுறையாகச் செரித்த புல் எருவாக்கத்துக்கு மிகவும் உகந்தது. குருதியும் குடலும் நைட்ரஜன் மிக்கவை. நிலத்தில் ஓரடிக் கனத்துக்கு வைக்கோலோ மரத்தூளோ பரப்பி, எச்சங்களை மெல்லிய அடுக்காக இட்டு, மேலே மீண்டும் ஓரடிக் கனத்துக்கு மூடினால் உள்ளே சூடேறும், வாடை வெளிவராது. நாய்கள் கிளறாதவாறு வேலி வேண்டும். கிணற்றுக்கும் குடியிருப்புக்கும் தொலைவான இடம் வேண்டும். உள்ளாட்சி மன்றத்தின் இசைவும் கால்நடை மருத்துவரின் அறிவுரையும் பெற வேண்டும். எலும்புகள் மெல்லவே மட்கும். அவற்றைப் பிரித்துப் புதைத்துவிடலாம். ஒவ்வொரு மஹல்லாவும் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே இதற்கென இடமும் ஆளும் வைக்கோலும் ஏற்பாடு செய்வது அரிய செயலன்று. தூய்மையை ஈமானோடு இணைத்துப் போற்றும் நாம், பெருநாளின் மறுநாள் நம் தெருவைக் கடந்து செல்லும் பிற சமயத்துச் சகோதரர் மூக்கைப் பொத்தாமல் செல்லுமாறு செய்தல் வேண்டும்.

நிறைவுரை

இறைவன் படைப்பில் வீணென்று ஒன்றும் இல்லை என்பது நம் நம்பிக்கை. குப்பையைக் கிளறிப் பார்க்கும்போது அந்நம்பிக்கை உறுதிப்படுகிறது. ஏனைய உயிர்கள் மடியும் சூட்டில் வாழ ஓர் உயிர்க்கூட்டம் இருக்கிறது; உருக்குலைக்கும் வெப்பத்தில் உறுதி குலையாத கருவிகள் அதனிடம் உள்ளன. நாம் செய்ய வேண்டியவை சிலவே. மக்குவதையும் மக்காததையும் பிரித்து வைத்தல், காற்றுக்கு வழிவிடுதல், ஈரம் காத்தல், உரிய நாளில் புரட்டிக் கொடுத்தல் ஆகியவையே அவை. அவற்றைச் செய்யாமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டு உரம் வருமென்று காத்திருந்த நம் பிழையை மாணவர்கள் செய்ய வேண்டா.

இனி எருக்குவியலைக் காணும் மாணவர்கள் மூக்கைப் பொத்தி ஒதுங்காமல், ஒரு கம்பியைச் செருகிச் சூட்டைத் தொட்டுப் பார்ப்பார்களாக. சூடு இருக்குமாயின் அங்கே வேலை நடக்கிறது. சூடு இல்லையாயின் அங்கே நம் வேலை எஞ்சியிருக்கிறது.